6 மணித்தியாலத் தூரம், 35 மணித்தியாலப் பயணம்

சென்ற மாதம் சீனன்கோட்டையில் உள்ள எனது கடைக்கு ஒரு தம்பி வந்தார். வயது இருபத்து மூன்று இருக்கும். மாணிக்கக் கல் வியாபாரத்தில் இறங்கி இரண்டு வருடங்கள்தான். முதல் தடவையாக மடகஸ்காருக்குக் கல் வாங்கப் போகிறார். அங்கு நான் பல தடவை போய் வந்தவன் என்பதால் விபரம் கேட்க வந்திருந்தார். கேட்பதற்கு முன்பே தனது கையடக்கத் தொலைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தார். கொழும்புக்கும் மடகஸ்காரின் தலைநகரமான அன்டனானரிவோவுக்கும் இடையே 4,580 கிலோமீற்றர், பறக்கும் நேரம் சுமார் 6 மணித்தியாலம் என்று அதில் இருந்தது.

"டுபாய்க்குப் போறத விட ஒன்றரை மணித்தியாலம்தானே ஹாஜியார் கூட. வியாழக்கிழமை போனா அடுத்த வியாழக்கிழமை கல்லோட வந்துரலாம்" என்றார்.

தொலைபேசி பொய் சொல்லவில்லை. தூரமும் சரி, நேரமும் சரி. ஆனாலும் அந்தத் தம்பி போட்டிருந்த கணக்கு முழுவதும் பிழை. அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கடதாசியை எடுத்தேன். இதே கணக்கை 2008 ஆம் ஆண்டு ஒரு நள்ளிரவில் வேறு ஒருவருக்காகவும் நான் போட்டிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். வெளிநாடு சென்று வியாபாரம் செய்யும் நமது பிள்ளைகள் அனைவருக்கும் இது உதவும் என்பதால் இந்த வாரம் அந்தக் கணக்கையே எழுதுகிறேன்.

நேர்கோட்டுத் தூரம்

முதலில் அந்த 4,580 கிலோமீற்றர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

பாடசாலையில் இருந்த பூகோள உருண்டை ஞாபகம் இருக்கும். அதில் கட்டுநாயக்கவில் ஒரு விரலை வைத்து, அன்டனானரிவோவில் உள்ள இவாட்டோ விமான நிலையத்தில் இன்னொரு விரலை வைத்து, இடையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த நூல் படியும் கோடுதான் ஆகக் குறைந்த தூரம். கட்டுநாயக்க பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 7 பாகையிலும் இவாட்டோ தெற்கே சுமார் 19 பாகையிலும் இருக்கின்றன. நூல் உருண்டையின் மேல் 41 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். ஒரு பாகை 111 கிலோமீற்றர் சொச்சம். பெருக்கிப் பார்த்தால் 4,580 வரும்.

விமானிகளும் மாலுமிகளும் கிலோமீற்றரில் பேசுவதில்லை. அவர்களது கணக்கு கடல் மைல். ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். அந்தக் கணக்கில் இந்தத் தூரம் சுமார் 2,470. சாதாரண மைலில் சொன்னால் சுமார் 2,845. ஒரே பாதைக்கு மூன்று எண்கள் இருப்பதால், யாராவது "இத்தனை மைல்" என்று சொன்னால் எந்த மைல் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டால் இந்தத் தூரம் சரியாக வராது. உருண்டையை விரித்துத் தட்டையாக்கும்போது எங்கேயாவது இழுபட்டுத்தான் ஆகும். கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு வரைபடத்தில் கோடு போட்டால் அது அரபு நாடுகளையும் ஆபிரிக்காவையும் அத்திலாந்திக் கடலையும் தாண்டிப் போகும். உருண்டையில் நூலை இழுத்தால் அது இந்தியாவுக்கு மேலாக ஏறி, ரஷ்யாவைக் கடந்து, ஐஸ்லாந்துப் பக்கமாகப் போய் இறங்கும். அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் பெரும்பாலானோர் கிப்லாவுக்காக வடகிழக்கை நோக்கித் தொழுவதும் இந்த நூல் கணக்கினால்தான்.

மடகஸ்கார் பாதை பூமத்திய ரேகையை ஒட்டியது. ஆகவே இந்த இழுவை இங்கு குறைவு. நூல் மாலைதீவின் தெற்குத் தீவுகளின் மேலாகச் சென்று, பூமத்திய ரேகையைக் கடந்து, பின்னர் கிட்டத்தட்ட முழுவதும் திறந்த கடலின் மேலாகவே ஓடும்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக முடியாது. இந்தத் தூரம் எப்போதும் இருந்ததல்ல. இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், கிழக்கு ஆபிரிக்கா எல்லாம் ஒரு காலத்தில் கொண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்தன. சுமார் 55 கோடி வருடங்களுக்கு முன்னர் அந்த நிலங்கள் மோதி இணைந்தபோது ஏற்பட்ட சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானவைதான் நமது இரத்தினபுரிக் கற்களும் அங்குள்ள கற்களும். சுமார் 9 கோடி வருடங்களுக்கு முன்னர்தான் இந்தியா மடகஸ்காரை விட்டுப் பிரிந்து நகர்ந்தது. 1998 ஆம் ஆண்டளவில் தென்மேற்கு மடகஸ்காரில் இலகாகா என்ற இடத்தில் நீலக்கல் பெருவாரியாகக் கிடைக்கத் தொடங்கியபோது, பேருவளை வியாபாரிகளும் தாய்லாந்து வியாபாரிகளும் ஓடிப் போனதற்குக் காரணம் இதுதான். அந்த மண்ணைக் கையில் எடுத்தால் நமது இல்லத்தைக் கையில் எடுத்தது போலவே இருக்கும். நிறத்தைப் பார்த்ததும் நமக்குப் பழக்கமான கல் என்று தெரிந்துவிடும்.

பறக்கும் நேரம்

இரண்டாவது எண் பறக்கும் நேரம். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வீட்டிலிருந்தே போட்டுப் பார்க்கலாம்.

பெரிய பயணிகள் விமானம் உயரத்துக்குப் போன பின்னர் மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், கீழே இறங்கவும் நேரம் பிடிக்கும். ஆகவே தூரத்தை 850 ஆல் பிரித்து, அதனுடன் 40 நிமிடங்களைக் கூட்டினால் அண்ணளவாக விடை வரும். கொழும்பு - டுபாய் சுமார் 3,290 கிலோமீற்றர். பிரித்தால் 3 மணி 52 நிமிடம். 40 ஐக் கூட்டினால் ஏறத்தாழ நாலரை மணித்தியாலம். டிக்கட்டில் இருப்பதும் அதுவே. கொழும்பு - அன்டனானரிவோவுக்கு இதே கணக்கைப் போட்டால் 6 மணித்தியாலம் வரும். தம்பியின் தொலைபேசியும் இதைத்தான் செய்திருக்கிறது.

இந்தக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் காரணங்கள் இரண்டு. ஒன்று காற்று. வடக்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. அதனால்தான் கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போகும்போது கூடுதல் நேரமும் திரும்பி வரும்போது குறைந்த நேரமும் எடுக்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய பாதைகளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

மற்றது பாதுகாப்பு. இரண்டு இயந்திரங்கள் உள்ள விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மற்றதை வைத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடியதாக இருக்க வேண்டும். அடிப்படை விதி 60 நிமிடம். விசேட அனுமதி பெற்ற விமானங்களுக்கு இது 120, 180 நிமிடம் என்று கூடும். இந்து சமுத்திரத்தின் நடுவே இறங்குவதற்கு இடம் குறைவு. ஆகவே நூல் கோட்டிலேயே எந்த விமானமும் பறக்கும் என்று எண்ணக் கூடாது. கொஞ்சம் வளைந்துதான் போகும்.

விமானம் போகும் வழி

தம்பியின் கணக்குப் பிழைத்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த 6 மணித்தியாலம் நேரடி விமானத்துக்குரியது. கொழும்புக்கும் அன்டனானரிவோவுக்கும் இடையே நேரடி விமானச் சேவை இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் வியாபாரிக்கு இலகுவாக விளங்கும். ஒரு பெரிய விமானத்தில் சுமார் 300 பேர் இருக்கலாம். கிழமைக்கு ஒரு தடவை என்றாலும் அந்த ஆசனங்களை நிரப்ப வேண்டும். இங்கிருந்து கல் வியாபாரிகள் சிலர் போவார்கள், அங்கிருந்து சிலர் வருவார்கள். மூன்று வாடிக்கையாளரை நம்பி யாரும் கடை திறப்பதில்லை.

இன்னொரு காரணம் பழைய சரித்திரம். விமானப் பாதைகள் பெரும்பாலும் பழைய கப்பல் பாதைகளையும் ஆட்சிகளையும் பின்பற்றியே உருவாகின. நாம் 1948 வரை பிரித்தானியரின் கீழ் இருந்தோம். லண்டனுக்கு நேரடி விமானம் கிடைத்தது. மடகஸ்கார் 1960 ஜூன் 26 வரை பிரான்ஸின் கீழ் இருந்தது. அவர்களுக்குப் பாரிஸ் நேரடியாகக் கிடைத்தது. இரண்டு தீவுகளும் ஒரே சமுத்திரத்தில் இருந்தும் ஒன்றை ஒன்று பார்க்காமல் ஐரோப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. இவாட்டோ விமான நிலையத்தின் குறியீட்டில் உள்ள மூன்று எழுத்துக்கள் கூட பிரெஞ்சுக்காரர் வைத்த 'தனனரிவ்' என்ற பழைய பெயரிலிருந்து வந்தவையே.

ஆகவே நாம் சுற்றித்தான் போக வேண்டும். சுற்றும் வழிகளின் தூரத்தை நூல் கணக்கிலேயே பார்ப்போம்.

டுபாய், நைரோபி ஊடாகப் போனால் 3,290, பின்னர் 3,560, பின்னர் 2,260. மொத்தம் சுமார் 9,100 கிலோமீற்றர். நேர்கோட்டின் இரண்டு மடங்கு.

மும்பாய், மொரீசியஸ் ஊடாகப் போனால் 1,520, பின்னர் 4,700, பின்னர் 1,080. மொத்தம் சுமார் 7,300.

பாரிஸ் ஊடாகப் போனால் சுமார் 17,200. கிட்டத்தட்ட நாலு மடங்கு. பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும், சில நாட்களில் வேறு வழியில் ஆசனம் இல்லாமல் இப்படியும் போனவர்கள் இருக்கிறார்கள்.

2024 செப்டெம்பரில் டுபாயிலிருந்து சீசெல்ஸ் ஊடாக அன்டனானரிவோவுக்கு ஒரு சேவை ஆரம்பமானது. அந்த வழியில் மொத்தம் சுமார் 8,400 கிலோமீற்றர். தூரத்தில் பெரிய இலாபம் இல்லை. ஆனால் விமானம் மாறும் இடம் ஒன்று குறைகிறது. அதுதான் பெரிய இலாபம். ஏன் என்பதை இனிச் சொல்கிறேன்.

கடிகாரம் காட்டும் கணக்கு

டிக்கட்டில் அச்சடிக்கும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். புறப்படும் நேரம் புறப்படும் ஊருக்குரியது. சேரும் நேரம் சேரும் ஊருக்குரியது. புதியவர்கள் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ஏமாந்து போகிறார்கள்.

மடகஸ்கார் நேரம் இலங்கைக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். நேரடி விமானம் ஒன்று இருந்து, காலை 10 மணிக்கு இங்கிருந்து புறப்பட்டால், 6 மணித்தியாலம் பறந்து அங்கு பகல் 1.30 க்கு இறங்கும். மூன்றரை மணித்தியாலம்தான் ஆனது போல இருக்கும். வரும்போது அங்கு காலை 10 மணிக்கு ஏறினால் இங்கு மாலை 6.30 க்கு இறங்கும். எட்டரை மணித்தியாலம் ஆனது போல இருக்கும். இரண்டும் ஒரே 6 மணித்தியாலம்தான்.

சரியான வழி, இரண்டு நேரங்களையும் நமது நேரத்துக்கு மாற்றி எழுதிவிட்டுப் பின்னர் கழிப்பது. டுபாய்க்கு ஒன்றரை மணித்தியாலம், நைரோபிக்கு இரண்டரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். நமது நாட்டிலேயே 1996 இல் கடிகாரத்தை முன்னால் தள்ளி, பின்னர் கொஞ்சம் குறைத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்தோம். இந்தப் பத்து வருடத்தில் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும்.

வாசலிலிருந்து வாசலுக்கு

இனி உண்மையான கணக்கு. 2007 இல் நான் போன ஒரு பயணத்தை அப்படியே தருகிறேன்.

பேருவளை வீட்டிலிருந்து கட்டுநாயக்க வரை 3 மணித்தியாலம். அப்போது தெற்கு அதிவேகப் பாதையும் இல்லை, 2013 இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் இல்லை. விமான நிலையத்தில் 3 மணித்தியாலம். டுபாய் வரை நாலரை. அங்கு காத்திருந்தது 5. நைரோபி வரை 5. அங்கு காத்திருந்தது 9. அன்டனானரிவோ வரை 3 மணி 20 நிமிடம். குடிவரவுக் கருமங்கள் முடித்து நகரத்துக்குள் போய் அறையில் சாமானை வைக்க 2. கூட்டினால் 35 மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் குறைவு.

இதில் ஆகாயத்தில் இருந்தது 13 மணித்தியாலம் கூட இல்லை. மிச்சம் 22 மணித்தியாலமும் பாதையிலும் வரிசையிலும் பிளாஸ்டிக் கதிரையிலும் போனது. விமானம் மாறும் இடம் ஒன்று குறைந்தால் பெரிய இலாபம் என்று மேலே சொன்னது இதனால்தான். விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் காத்திருக்கும் நேரம் குறையாது.

நேர்கோட்டுத் தூரமான 4,580 ஐ இந்த 35 ஆல் பிரித்துப் பாருங்கள். மணிக்கு 131 கிலோமீற்றர். ஜெட் விமானத்தில் ஏறி, கொஞ்சம் வேகமாக ஓடும் காரின் வேகத்தில்தான் நாம் போயிருக்கிறோம். லண்டன் 8,700 கிலோமீற்றர். தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நேரடி விமானம் இருப்பதால் சுமார் 11 மணித்தியாலத்தில் போய்விடலாம். வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் மடகஸ்கார்தான் நமக்குத் தூரம்.

அன்டனானரிவோவில் இறங்கியதும் வேலை முடிந்ததா? இல்லை. கல் இருப்பது இலகாகாவில். தலைநகரிலிருந்து தெற்கே தேசிய நெடுஞ்சாலை 7 வழியாகச் சுமார் 700 கிலோமீற்றர். மலைப்பாதை. நல்ல வாகனத்தில் நான் போனது 15 மணித்தியாலம். இரவில் அந்தப் பாதையில் போவது புத்தியில்லை. ஆகவே ஒரு இரவு தங்க வேண்டும். 35, தங்கிய 9, பாதையில் 15. மொத்தம் 59 மணித்தியாலம். இரண்டரை நாள்.

போக இரண்டரை, வர இரண்டரை. ஐந்து நாட்கள். தம்பி வைத்திருந்தது மொத்தமே ஒரு கிழமை. மிஞ்சும் இரண்டு நாளில் கல்லைப் பார்ப்பதா, விலை பேசுவதா, ஏற்றுமதிக் கடதாசிகளைச் சரி செய்வதா? அவசரக்காரனுக்கு அங்கே நல்ல கல்லைக் காட்டமாட்டார்கள். திரும்பிப் போகும் விமான நாளைத் தெரிந்துகொண்டால் விலையையும் இறக்கமாட்டார்கள். கடன் வாங்கிய முதலோடு போகிறவர் பாதையில் போகும் நாட்களையும் சேர்த்தே அந்த முதலுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்.

2008 இல் போட்ட கணக்கு

இதுவரை சொன்னது வியாபாரம். இனிச் சொல்வது வேறு.

2008 இல் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 11 மணியளவில் எனது ராத்தா காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பகல் வரை சமைத்துக்கொண்டிருந்தவர். அவருக்கு ஒரே மகன். எனது மருமகன். அந்த நேரம் அவர் இலகாகாவில் இருந்தார். நான்தான் அவரைக் கல் வியாபாரத்துக்குப் பழக்கியவன். முதல் தடவை அங்கு கூட்டிப் போனவனும் நான்தான்.

பதினொன்றரைக்குத் தொலைபேசி கிடைத்தது. அங்கு இரவு 9 மணி. சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. "மாமா, நான் வாறன். நான் வார வரைக்கும் உம்மாவ வைங்க மாமா" என்று மட்டும் சொன்னார். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

மண்டபத்தில் மச்சான் இருந்தார். பக்கத்தில் பள்ளி நிர்வாகிகள் இரண்டு பேர். எப்போது அடக்குவது என்ற பேச்சு வந்தது. மச்சான் உள்ளே போய் பேரப்பிள்ளையின் பாடசாலை வரைபடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். விரலால் அளந்து காட்டினார். "பாருங்க மச்சான், டுபாய விடக் கொஞ்சந்தான் கூட. இப்ப வெளிக்கிட்டா நாளைக்கு அஸருக்கு முந்தி வந்துருவான். அது வரைக்கும் வைப்போம்" என்றார்.

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பாதையில் போய் வந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

ஒரு மின்சாரப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். இரவில் வாகனம் வராது. விடிய 5 மணிக்குப் புறப்பட்டால் புதன் இரவு 8 மணிக்கு அன்டனானரிவோ. அன்று நைரோபிக்கு விமானம் இல்லை. வியாழன் பின்னேரம்தான் இருக்கிறது. வியாழன் நள்ளிரவு நைரோபியிலிருந்து டுபாய். வெள்ளி பகல் கட்டுநாயக்க. வெள்ளி மாலை வீடு. எல்லா இடத்திலும் ஆசனம் கிடைத்தால்தான் இதுவும். எழுதியதை மச்சானிடம் கொடுத்தேன். அவர் அதைக் கனநேரம் பார்த்தார். வரைபடப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப வைக்க ஏலாது" என்றார்.

புதன்கிழமை லுஹர் தொழுகையின் பின்னர் ராத்தாவை அடக்கினோம். மருமகன் வெள்ளிக்கிழமை மாலை 6.30 க்கு வந்தார். செய்தி கிடைத்து 67 மணித்தியாலம். வீட்டுக்குள் வராமல் நேரே மையவாடிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முதல் தடவை அவரை அனுப்பும்போது ராத்தா என்னிடம் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. "தூரமா தம்பி?" என்று கேட்டார். "டுபாய விடக் கொஞ்சம் கூட ராத்தா" என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவர் பயப்படக் கூடாது என்பதற்காகச் சொன்னது. வரைபடத்தின்படி அது உண்மையும்தான். மச்சான் அன்றிரவு சொன்னதும் எனது வாயிலிருந்து வந்த அதே கணக்குத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எழுதி வைக்க வேண்டிய நாலு எண்கள்

ஆகவே தூர நாட்டுக்கு வியாபாரத்துக்குப் போகும் எவரும் ஒரு கடதாசியில் நாலு எண்களை எழுதி, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

முதலாவது, நேர்கோட்டுத் தூரம். இது அறிவுக்கு மட்டும்.

இரண்டாவது, ஆகாயத்தில் இருக்கும் மொத்த நேரம். ஒவ்வொரு கட்டமாக 850 ஆல் பிரித்து 40 நிமிடம் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, வீட்டு வாசலிலிருந்து தங்கும் இடத்தின் வாசல் வரையான நேரம். வியாபாரக் கணக்கு இந்த எண்ணில்தான் போட வேண்டும்.

நாலாவது, திடீரென்று வர வேண்டி வந்தால் ஆகக் குறைந்தது எத்தனை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வரலாம் என்பது. இதற்கு அந்த நகரத்திலிருந்து எந்தெந்த நாட்களில் விமானம் இருக்கிறது என்று முதலே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தினமும் விமானம் உள்ள ஊருக்கும் கிழமைக்கு மூன்று நாள் மட்டும் உள்ள ஊருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இந்த எண் நிரந்தரமானதும் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவினால் விமான நிலையங்கள் மூடப்பட்டபோது பல நாடுகளில் இருந்த நமது வியாபாரிகளுக்கு இந்த எண் மணித்தியாலத்தில் அல்ல, மாதத்தில் வந்தது.

இதனுடன் சில ஆலோசனைகள். கடவுச்சீட்டை ஒருபோதும் பிறர் கையில் கொடுத்து வைக்க வேண்டாம். டிக்கட் மாற்றுவதற்கான காசைக் கல் வாங்கும் காசோடு கலக்காமல் புறம்பாக வைத்திருங்கள். கொடுக்கல் வாங்கல்களை எழுதி, சாட்சியோடு வீட்டில் வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் கையொப்பமிட நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோனித் தத்துவம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரே கட்டமாக ஒரே டிக்கட்டில் போகப் பாருங்கள். மலிவு என்று வேறு வேறு டிக்கட்டாக வாங்கினால், முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிடும்போது அந்த நட்டம் உங்களுடையது.

எனது மருமகன் இன்றும் மடகஸ்காருக்குப் போய் வருகிறார். ஒவ்வொரு தடவையும் புறப்படுமுன் மச்சானின் பக்கத்தில் இருந்து, வரும் நாளையும் நாலாவது எண்ணையும் சொல்லிவிட்டு, "எதுவும் நடந்தா எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேணாம் வாப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். முதல் தடவை அதைக் கேட்டபோது மச்சான் அழுதார். இப்போது தலையை ஆட்டுவார்.

கடைக்கு வந்த தம்பி கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு கிழமைப் பயணத்தை இருபத்தைந்து நாளாக மாற்றுவதாகச் சொன்னார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "ஹாஜியார், உம்மா கேட்டா எவ்வளவு தூரம்னு சொல்ற?" என்றார்.

"கிலோமீற்றர சொல்ல வேணாம் தம்பி. முப்பத்தஞ்சு மணித்தியாலம்னு சொல்லுங்க. அங்கிருந்து கல்லுக்குப் போக இன்னொரு நாள்னும் சொல்லுங்க" என்றேன்.